பத்தாயிரம் கோழிக்கு அளந்த கை

மார்ச் மாதம் இங்கே வெயில் திரும்பி வரும். அப்படி எழுதும்போதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நம் ஊரில் வெயில் எங்கே போனது, திரும்பி வர? நான் நார்வேயில், த்ரோன்ஹெய்ம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். முதல் வெயில் அடிக்கிற அன்று காலை பத்து மணிக்குச் சமையல்காரர், செவிலியர், கணக்கு பார்ப்பவர் என்று எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். தெற்குப் பார்த்த சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக நின்று, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். யாரும் பேசுவதில்லை. முதல் வருடம் அதைப் பார்த்தபோது ஏதோ தப்புச் செய்ததற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். புதுச்சத்திரத்தில் நான் படித்த பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை வெயிலில் அப்படித்தான் நிறுத்துவார்கள். என்னோடு வேலை செய்யும் இங்கெர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "வா, இடம் இருக்கிறது," என்றாள். அந்தச் சுவருக்கு இவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், சூல்வெக், வெயில் சுவர். வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது நானும் போய் நிற்கிறேன். ஆனால் முழுதாகக் கண்ணை மூட இன்னும் வரவில்லை. "கறுத்துப் போயிருவ, உள்ள வா" என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது.

வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் எனக்குக் காலெலும்பு வலித்தது. தசை வலி இல்லை, உள்ளே எலும்பிலேயே ஒரு குடைச்சல். எங்கள் குடும்ப மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, விட்டமின் டி மிகவும் குறைவு, இது ஒரு குளிர்காலத்தில் வந்த குறைவில்லை, ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, உங்கள் நாட்டில் தலையை மூடிக்கொள்வீர்களா என்று கேட்டார். ஆமாம், துண்டால் மூடிக்கொள்வோம் என்றேன். மத நம்பிக்கையா என்றார். இல்லை, சூரியனுக்காக என்றேன். அவர் முகம் தெளிந்தது. "ஓ, சூரியன் உங்கள் தெய்வம்," என்று மரியாதையாகச் சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். அதைத் திருத்துகிற அளவுக்கு அப்போது என்னிடம் மொழி இல்லை, தெம்பும் இல்லை. அந்தக் குறிப்பு இன்றைக்கும் என் பெயருக்குக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு நான் என்னவென்று விளக்குவது? எங்கள் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்பிள்ளைகள் கைக்கு உறை மாட்டி, துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கி, கண் மட்டும் தெரிய சேலம் நாமக்கல் ரோட்டில் பறப்பார்கள். உச்சி வெயிலில் வெளியே இருக்கிற பெண்ணைப் பார்த்தால், பார்த்தவர்கள் எல்லாரும் நிழலுக்கு விரட்டுவார்கள். என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின மூன்று மாதம் என்னை மாடிக்குத் துணி காயப்போடக்கூட விடவில்லை. ஊரெங்கும் வெயில் கொட்டிக் கிடந்தது. எங்கள் தோலில் படாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. என் அக்காவைப் பற்றி.

மல்லிகா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். புதுச்சத்திரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குப் பத்தாயிரம் கோழி உள்ள முட்டைப் பண்ணை. முட்டை வண்டி, வியாபாரி, கரண்ட் ஆபீஸ் என்று வெளி வேலையெல்லாம் மாமாவுடையது. கொட்டகைக்குள் நடப்பது முழுக்க அக்கா பொறுப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் வெயில் ஏறி இறங்கிய பிறகுதான் வெளியே வருவாள். தீவனம் கலப்பதை மட்டும் அவள் வேலையாட்களிடம் விட்டதே இல்லை. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு தருகிற கிளிஞ்சல் எல்லாம் மூட்டைக் கணக்கு. கடைசியில் சேர்க்கிற மருந்துப் பொடிகள் கிராம் கணக்கு. அவற்றில் ஒன்று விட்டமின் டி3. கூண்டுக்கோழி வெயிலைப் பார்க்காது, அதனால் வெயிலைப் பொடியாக்கித் தீவனத்தில் போடுகிறோம் என்பாள். அதைச் சின்னத் தராசில் நிறுத்து, முதலில் ஒரு அன்னக்கூடை மாவில் கலந்து, அந்த மாவை மறுபடி ஒரு மூட்டை மாவில் கலந்து, அதற்குப் பிறகுதான் மெஷினில் கொட்டுவாள். "நேராக் கொட்டுனா ஒரு கோழிக்கு மலையாட்டம் போயிரும், இன்னொன்னுக்கு ஒன்னுமே போகாது," என்பாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பொறுமை எனக்குப் பட்டம் வாங்கியும் வரவில்லை.

ஒரு தடவை நான் லீவில் போயிருந்தபோது கூண்டில் ஒரு கோழி எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. அக்கா அதை வெளியே எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தாள். "இது தன்னையே தின்னுபோட்டுது," என்றாள். எனக்குப் புரியவில்லை. "முட்டைக்கு ஓடு போடோணுமில்ல? தீனியில சுண்ணாம்பு பத்தலீன்னா தன்ற எலும்பக் கரச்சுத்தான் போடும். முட்டைய மட்டும் நிறுத்தாது கண்ணு. காலு போற வரைக்கும் உட்டுக்கிட்டே இருக்கும்." சொல்லிக்கொண்டே அடுத்த கூண்டுக்குப் போய்விட்டாள். அக்கா இரண்டு பையன்களைப் பெற்றாள், இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு வருடம் பால் கொடுத்தாள், முப்பது வருடம் அந்த நிழலுக்குள் குனிந்து நிமிர்ந்தாள். அவளுக்குக் கிளிஞ்சல் போட வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் முட்டை அட்டைகளைக் குனிந்து தூக்கியவளால் நிமிர முடியவில்லை. நாமக்கல்லில் படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒன்று அமுங்கிப்போயிருந்தது. விழவில்லை, அடிபடவில்லை, முப்பது முட்டை பிடிக்கிற அட்டை பத்தைத் தூக்கினதற்குப் போய் முதுகெலும்பு நொறுங்குமா என்று மாமா டாக்டரிடம் சண்டைக்கே போனாராம். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு இளைக்கும், அதோடு விட்டமின் டியும் அடிமட்டத்தில் இருக்கிறது, எலும்பு சல்லடையாகிவிட்டது என்றார் அந்த டாக்டர். கால்சியம் மாத்திரையும், சின்னச் சின்னப் பாக்கெட்டில் ஒரு பொடியும் எழுதிக்கொடுத்தார். பொடியைப் பாலில் கலந்து வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு வந்து காட்ட வேண்டும்.

அன்றைக்கு அக்கா கூப்பிட்டபோது நான் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மத்தியானம் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. கால் ஓய்ந்துபோயிருந்தது.

"ஏங்கண்ணு, அந்த டாக்டரு என்னமோ பொடி குடுத்திருக்கறாரு. ஒடம்பு சூடு பண்ணீருமா?"

"ஒன்னும் பண்ணாதுக்கா. நீ கோழிக்குப் போடறயல்ல டி3, அதேதான் இதும். இங்கெல்லாம் தெனமும் ஒரு கரண்டி குடிக்கறாங்க."

அது பொய் இல்லை. இங்கே த்ரான் என்று ஒரு மீன் எண்ணெய், குளிர்காலம் முழுக்கக் காலையில் ஒரு கரண்டி. எங்கள் இல்லத்துப் பாட்டிகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். அதில் இருக்கிற டி எவ்வளவு, அக்காவின் பாக்கெட்டில் இருப்பது எவ்வளவு, கோழி மருந்து மூட்டையில் இருப்பது எவ்வளவு என்பதை நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. அவள் பயத்தைச் சீக்கிரம் போக்கிவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அக்கா சிரித்தாள். "அட, அப்ப நானும் கூண்டுக்கோழிதானாக்கும்," என்றாள். நானும் சிரித்தேன். நல்லதாக ஒன்று சொல்லிவிட்டதாகத் திருப்தி வேறு.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்கும் தெரிந்ததுதான். தூரத்தில் இருப்பவர்களால் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட முடியாது, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார முடியாது, ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தர முடியாது. நம்மால் முடிந்ததெல்லாம் சொல்வது. அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே, நடந்து போ, மருந்தை விடாதே. ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

தை, மாசி நன்றாகத்தான் போனது. பங்குனியில் அக்கா சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். வாய் கசக்கிறது, குமட்டுகிறது, வயிறு போகவே மாட்டேன் என்கிறது. தாகம் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அக்கம்பக்கத்தில் பித்தம் என்றார்கள். மாமா சர்க்கரை என்று நினைத்துப் பரிசோதித்தார், சர்க்கரை இல்லை. எனக்குப் பயமெல்லாம் எலும்பு மருந்தை நிறுத்திவிடுவாளோ என்றுதான்.

"எது நின்னாலும் அந்த மருந்த மட்டும் உட்றாதக்கா."

"உடலயே சாமி. தெனமும் போட்டுக்கறேன்."

தினமும் என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. கால்சியம் மாத்திரையைச் சொல்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சித்திரைக் கடைசியில் மாமா கூப்பிட்டார். மாமா எனக்குப் போன் செய்கிறவர் இல்லை. "உங்கக்கா பேச்சு ஒரு மாதிரி இருக்குது கண்ணு. மோட்டரப் போட்டுட்டு நிறுத்த மறந்தர்றா. பட்டப்பகல்ல படுத்துத் தூங்கறா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நேத்துத் தீவனத்துல கிளிஞ்ச போடாமயே கலக்கிப்போட்டா," என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன். மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தேன்.

சேலத்தில் இறங்கியபோது வெயில் தார் ரோட்டில் அலையடித்துக்கொண்டிருந்தது. அக்கா வாசலுக்கு வந்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது. "வந்துட்டயா சாமி," என்றாள். மறுநாள் காலை அடுப்படியில் அவள் செய்ததைப் பார்த்தேன். மேல்தட்டிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். உள்ளே வெளிறிய பொடி. இரண்டு விரலால் துளி எடுத்து மோரில் போட்டுக் கலக்கினாள்.

"என்னக்கா அது?"

"எலும்புக்குத்தேன். டி3."

"டாக்டரு குடுத்ததா?"

"அது எட்டு வாரத்துல தீந்து போச்சு. பொறவு நம்மகிட்டத்தான் மூட்டையா கெடக்குதே."

"எத்தன நாளாப் போடற?"

"பொங்கலுக்கு அடுத்தாப்ல இருந்து. நீதான அதேதான்னு சொன்ன?"

டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அக்கா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள், நான் அவள் கணக்கைச் சந்தேகப்படுகிறேன் என்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பேனாவில் கணக்கு இருந்தது. ஒரு கோழி ஒன்றரைக் கிலோ, தான் ஐம்பத்தெட்டுக் கிலோ, ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்கிற தீவனத்தில் எவ்வளவு டி3 போகிறது, அதைத் தன் எடைக்குப் பெருக்கினால் எவ்வளவு. "பத்தாயிரம் கோழிக்கு அளந்து போடறேன். எனக்கு அளக்கத் தெரியாதாக்கும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

சேலத்தில் சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அளவுக்கு மீறின டியால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தாறுமாறாக ஏறியிருந்தது. அதுதான் குமட்டல், அதுதான் தாகம், அதுதான் மறதி. சிறுநீரகம் அதில் சிக்கிக்கொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலையும் காலண்டரையும் நான் அவர் மேஜையில் வைத்தேன். அவர் சின்ன வயதுக்காரர். கணக்கை இரண்டு தடவை பார்த்தார். "இவங்க கணக்கு ரொம்பத் தப்பில்லீங்க," என்றார். "ஆனா இவங்களுக்கு வேண்டியது ஊசி முனையில நிக்கிற அளவு. ரெண்டு விரல்ல எடுத்தா எவ்வளவு கொஞ்சமா எடுத்தாலும் அது பல மடங்கு. டன் தீவனத்துல கரையற சரக்கு இது. தெனமும் நேரா உள்ள போயிருக்குது." பிறகு என்னையும் மாமாவையும் பார்த்து, "மனுசங்க சாப்பிடலாம்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள், தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தோம். "யாரும் சொல்லலீங்க. நானாத்தேன் சாப்புட்டேன்," என்றாள்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த அறையில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெட்கமாக இருக்கிறது, எழுதினால் குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை.

பதினோரு நாள் சலைன் ஏறியது. விட்டமின் டி உடம்புக் கொழுப்பில் ஒளிந்துகொள்ளுமாம், நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குமாம். பால் கூடாது, தயிர் கூடாது, ராகி கூடாது, கால்சியம் மாத்திரை கூடாது, உச்சி வெயிலில் நிற்கவும் கூடாது. எலும்பு இளைத்தவளுக்கு எலும்புக்கு நல்லது எதுவும் கூடாது. எலும்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவோம் என்றார் டாக்டர். காப்பாற்றினார், முழுதாக இல்லை. டயாலிசிஸ் வேண்டியதில்லை, ஆனால் போனது திரும்பாது, மாதாமாதம் இரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அக்காவுக்குப் பேச்சுத் தெளிந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, தீவனம் யார் கலக்குகிறார்கள் என்பது.

என் லீவு முடிந்தது. மூத்தவன் பெங்களூரில், இளையவன் திருப்பூரில், மாமா முட்டை வண்டிக்குப் பின்னால். மாதாமாதம் அவளைச் சேலத்துக்கு யார் கூட்டிப்போவது என்ற பேச்சு எழுந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கிளம்ப வேண்டியவள் என்பது எல்லாருக்கும் தெரியும். பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. கிளம்புகிற அன்று அவளிடம் தனியாகச் சொன்னேன்.

"எம்மேலதான் தப்புக்கா. நாஞ்சொல்லாம இருந்திருந்தா நீ போட்டிருக்க மாட்ட."

"நீ டாக்டரு குடுத்த பொடியத்தான சொன்ன. கோழி மருந்தத் தின்னுன்னு சொல்லலயே. உடு சாமி, ஏரோப்ளேனுக்கு நேரமாச்சு."

அவள் என்னை மன்னித்தாளா, என்னிடம் மன்னிக்க எதுவும் இல்லை என்று உண்மையாகவே நினைக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று பட்டால் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

இப்போது கார்த்திகை. இங்கே காலை ஏழு மணிக்கு நடு இருட்டு, அங்கே பதினொன்றரை, நல்ல வெயில். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருக்கும்போது அக்கா வீடியோவில் கூப்பிடுவாள். புது மாத்திரை எது வந்தாலும் அட்டையைக் காமிராவுக்கு நேரே பிடித்துக் காட்டுவாள். நேற்றும் காட்டினாள்.

"இது ப்ரஷருக்காமா. போடலாமா கண்ணு?"

"டாக்டரக் கேளுக்கா."

"டாக்டரு போடுன்னுதான் குடுத்தாரு."

"அப்பப் போடு."

"நீ சொல்லு."

"நாஞ்சொல்ல மாட்டேங்க்கா. இனி எதும் சொல்ல மாட்டேன்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீயும் சொல்லலீன்னா பொறவு எதுக்குக் கண்ணு உனக்குப் போன் பண்றது?" என்றாள். வருத்தமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அப்போது கொட்டகைப் பக்கமிருந்து மாமா ஏதோ கூப்பிட்டார். "இரு, வாரேன்," என்று போனை மேடையிலேயே மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். மெல்ல மெல்லக் காலை இழுத்து நடக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. திரையில் அவள் அடுப்படியின் கூரையும் சுற்றுகிற காற்றாடியும் மட்டும். பஸ் ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, என் உள்ளங்கையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மாத்திரையைப் போட்டாளா என்று தெரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் கதவு திறந்து மூடியது. நான் போனைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.